மிளகுப் பெட்டியில் மூக்குக்கண்ணாடி

மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில், கண்டிக்குப் புறப்பட நின்ற அம்புலன்சின் கதவைப் பிடித்துக்கொண்டு, சாரதியிடம் ஒரு சோற்றுப் பார்சலை நீட்டிய பெண்ணை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளே நோயாளி படுத்திருந்தார். சேலைன் போத்தல் தொங்கிக்கொண்டிருந்தது.

"மகன், கண்டி ஆஸ்பத்திரிக்குத்தானே போறீங்க? அங்க பொம்பளைங்க வார்ட்டுல என் மச்சி படுத்திருக்கா. இதக் குடுத்திருங்க."

"என்னங்கம்மா இது! இது அம்புலன்ஸ். தபால் வண்டின்னு நெனச்சீங்களா?"

"அம்புலன்ஸ்னு எழுதித்தானே கெடக்கு, எனக்குத் தெரியாதா? தபால் வண்டி நாளைக்குத்தான் போவும். சோறு ஊசிப் போயிரும்."

சாரதிக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை. பார்சலைப் பறித்துச் சீட்டுக்குக் கீழே போட்டுவிட்டு சைரனைப் போட்டார். இதற்கு ஒரு சட்டம் இருக்கும், அதில் அந்தப் பெண்ணைப் பிடிப்பார்கள், பக்கத்தில் நின்ற குற்றத்துக்கு என்னையும் பிடிப்பார்கள் என்று நான் மனசுக்குள் பொலிஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டேன். அவரோ திரும்பி என் முகத்தைப் பார்த்து, "என்ன தம்பி, நோயாளிய விட நீங்க வெளுத்துப் போயிருக்கீங்க" என்றார்.

ராத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் தையல் கடைக்குப் பின்னால் போகும் சந்தில் அவர் வீடு. இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மிளகாய், மல்லி வறுத்து இடித்து வீடுகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். அதனால் கடைக்குள் அவர் வருவதற்கு முன்னால் எங்களுக்குத் தும்மல் வந்துவிடும். கணவர் மவுத்தாகி வெகு காலம். ஒரே மகள்.

வெளிநாடு போகிறவர் கையில் ஊரே பார்சல் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. டிக்கெட் வந்த செய்தியைப் பலர் மறைப்பதே அதற்காகத்தான். ஆனால் ராத்தாவுக்கு வெளிநாடு, உள்நாடு என்ற வித்தியாசம் கிடையாது. ஒருவர் இருந்த இடத்தை விட்டு எழுந்தால் போதும், அவர் கையில் எதையாவது கொடுத்துவிடுவார். விடியற்காலையில் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் லொறிக்காரரிடம், அங்கே மூட்டை தூக்கும் தம்பிக்குக் கஞ்சி. பல்லேகமவுக்குச் சாவு வீட்டுக்குப் போகிறவரிடம், அந்த ஊரில் யாருக்கோ தேங்காய் துருவும் அலகு. சாவு வீட்டுக்குப் போகிறவர் ஒரு கையில் மலர்வளையமும் மறு கையில் அலகுமாக பஸ் ஏறியதை நானே பார்த்தேன். யாராவது முகம் சுளித்தால் அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "எப்படியும் போறீங்கதானே?" முகம் சுளித்தவரே பார்சலை வாங்கிக்கொள்வார். போவது உண்மைதானே.

கண்டியிலிருந்து ஒரு பிரேதத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போன வண்டியில் அவர் ஒரு தலையணையை அனுப்பினார்.

"ராத்தா, பிரேதம் கெடந்த எடத்துல தலகாணியா!"

"நாம எல்லாரும் ஒரு நாளைக்குக் கெடக்க வேண்டிய எடம்தானே தம்பி. தலகாணி முந்திப் போனா என்ன?"

இன்னொரு தரம், நாலந்தாப் பக்கத்து விகாரையின் பிக்கு ஒருவர் கார் சீட்டுக்கு உறை தைக்கக் கொடுக்க வந்திருந்தார். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். நாலந்தாச் சந்தியில் செவ்விளநீர் விற்கும் சிங்களப் பெண்ணொருத்தி அவருக்குக் கூட்டாளி. அவளுடைய முழங்காலுக்கு எண்ணெய். நான் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். நம் நாட்டில் எந்தச் சின்ன விஷயம் எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? பெண் கையிலிருந்து பிக்கு நேரே வாங்கமாட்டார் என்பது மட்டும் ராத்தாவுக்குத் தெரிந்திருந்தது. போத்தலை என் மேசை மேல் வைத்து, சிங்களத்தில் மரியாதையாக விஷயத்தைச் சொல்லி, பிக்குவின் டிரைவரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிக்கு போத்தலைப் பார்த்தார். முக்காட்டைப் பார்த்தார். "மூடி இறுக்கமாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

இதிலெல்லாம் என் பங்கு, தைப்பது. தூர ஊருக்குப் போகும் பார்சலுக்கு வெள்ளைத் துணியில் உறை தைத்து, அதன் மேல் விலாசம் எழுதிக் கொடுப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் என் எழுத்து குண்டு குண்டாக, எட்ட நின்று வாசிக்கலாம். ராத்தாவின் போனில் சார்ஜ் நிற்காது என்பதால், அனுப்புகிறவர் நம்பர் என்ற இடத்தில் எப்போதும் என் கடை நம்பர்தான் போகும். போகிற பார்சல் ஒவ்வொன்றும் எந்தச் சோதனைச் சாவடியில் பிரிபடுமோ என்று, அது சேர்ந்த செய்தி வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ராத்தாவின் மகள் ஒரு வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே தடித்த கண்ணாடி போடுகிறவள். அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா அலுமாரியா என்று தெரியாது. முதலில் வாரத்துக்கு இரண்டு மூன்று குரல் செய்தி வரும். ராத்தா அதைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்கும் போட்டுக் காட்டுவார். கடைசியாக வந்ததையும் நான் கேட்டேன்.

"உம்மா, கண்ணாடி ஒடஞ்சு போச்சு. கண்ணு தெரியாம மேடத்துட பீங்கான் ரெண்டு என் கையால ஒடஞ்சிருச்சு. ஏசுறாங்க. போன வாங்கி வச்சிருவாங்க போல உம்மா…"

அதோடு சரி. அதற்குப் பிறகு குரலும் இல்லை, குறியும் இல்லை. ராத்தா அவளை அனுப்பிய முகவரிடம் போனார். பிள்ளைக்கு வேலை கூடவாக இருக்கும் என்றார்கள். முறைப்பாடு கொடுக்கப் போனார். எழுதி எடுத்தார்கள். ராத்தா அதற்கிடையில் மகளின் பழைய கண் சோதனைத் துண்டைத் தேடியெடுத்து, கண்டிக்குப் போய்ப் புதுக் கண்ணாடி செய்து கொண்டுவந்துவிட்டார். அது டிவிக்கு மேல் பெட்டிக்குள் இருந்தது. கொண்டுபோக ஆள்தான் இல்லை.

"தபால்ல போடலாமே ராத்தா."

"தபால்ல போட்டா அந்த மேடத்துட கைக்குத்தான் போவும். இது என் புள்ளட கையில ஒரு ஆள் குடுக்கணும். குடுத்திட்டு மொகத்தப் பாக்கணும்."

அவர் எதற்காகக் கண்ணாடியை அனுப்பத் துடிக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்ணாடி போய்ச் சேர வேண்டும். அதை விட, அதைக் கொண்டுபோகிறவர் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று வந்து சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் நான் பேப்பரைச் சத்தமாக வாசித்துத் தொலைத்தேன். பிரதமர் வெளிநாட்டுப் பயணம் போகிறார், முதலீட்டாளர்களைச் சந்திப்பார், இரண்டு நாட்டு உறவைப் பலப்படுத்துவார். போகுமுன் நாலந்தா ரோட்டில் வாசனைச் சரக்குப் பதப்படுத்தும் புதுக் கட்டடம் ஒன்றைத் திறந்து வைத்து, அங்கே முதலாளிமாருக்குக் காட்ட மாத்தளை மிளகும் கறுவாவும் கராம்பும் மாதிரிக்கு எடுத்துப் போவார்.

சட்டைக்கு அளவு கொடுக்க வந்து நின்ற ராத்தா, "எந்த நாடு? திருப்பி வாசிங்க" என்றார்.

வாசித்தேன். மகள் இருக்கும் அதே நாடு.

"மொளகு கொண்டு போறாங்களா?"

"ஆமா. சாம்பிளுக்கு."

"அப்ப பெட்டியில எடம் இருக்கு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கையிலிருந்த அளவு நாடா கீழே விழுந்துவிட்டது.

"ராத்தா, வேணாம். இது லொறிக்காரன் இல்ல. நாட்டுட பிரதமர்!"

"அதுக்கென்ன தம்பி? அவங்களும் எப்படியும் போறாங்கதானே?"

"ஒரு பார்சலத் தூக்கிக்கிட்டு அப்படிப்பட்ட ஆளுக்குக் கிட்டப் போனா என்ன ஆவும்னு தெரியுமா? அதுவும் நீங்க முக்காடு போட்டுக்கிட்டு… நான் சொல்றது தப்பா நெனக்காதீங்க. நாட்டு நெலம தெரியும்தானே."

"தெரியும். அதான் உங்கள்ட்ட கொண்டு வர்றேன். கோணலாத் தச்சாத்தான் சந்தேகம் வரும். நேராத் தச்சுத் தாங்க."

தைத்தேன். ஏன் தைத்தேன் என்றால், வேண்டாம் என்றால் அவர் கோணலாகத் தானே தைத்துக்கொண்டு போவார். கண்ணாடிப் பெட்டி, ஒரு துண்டு தொதல் இனிப்பு, மாசிக் கருவாடு, இரண்டு பருத்திச் சட்டை. மிளகாய்த்தூள், மசாலாத்தூள் என்று தூள் எதுவும் வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். சரி என்றார். விலாசம் எழுதினேன். என் நம்பரை எழுதும்போது எழுத்து முதல் தடவையாகக் குண்டாக வரவில்லை. புழு மாதிரி நெளிந்தது.

திறப்பு விழாவுக்குப் போகக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டுதான் படுத்தேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்து என்ன நடந்திருக்குமோ என்று நினைத்துச் சாவதை விடப் பார்த்துச் சாவது மேல் என்று கிளம்பிவிட்டேன். தூரத்தில் ஒரு பலா மரத்தடியில் நின்றேன். கயிறு கட்டியிருந்த இடத்தில், முன்வரிசையில், வெள்ளைப் பார்சலை நெஞ்சோடு அணைத்தபடி ராத்தா.

பொலிஸ் பெண் ஒருவர் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். பிறகு காதில் வயர் போட்ட ஒருவர் வந்தார். பிறகு இன்னும் இருவர். பக்கத்தில் நின்ற சனம் தானாக விலகியது. இது யார் தைத்தது என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். ராத்தா திரும்பி, கையை நீட்டி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அந்தா, பலா மரத்தடியில நடுங்கிக்கிட்டு நிக்கிறாரே, அந்தத் தம்பி. நல்ல டெய்லர்!"

என்னை எப்படிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. கால் தரையில் பட்டதாகத் தெரியவில்லை. என் தையலை என் கண் முன்னாலேயே பிளேட்டால் கீறினார்கள். கண்ணாடிப் பெட்டி வந்தது. தொதல் வந்தது. மாசி வந்தது. சட்டையை உதறினார்கள். சட்டைக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் தூள் பை விழுந்து வெடித்தது.

வயர்க்காரர் தும்மினார். மற்ற இருவரும் ராத்தாவின் கையைப் பிடித்துவிட்டார்கள். "தூள்! போதைத் தூள்!" என்று யாரோ கத்தினார்கள். நான் ராத்தாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று கும்பிட்டுச் சொன்னேனே!

"என் சொந்த மொளகாத்தூள் தம்பி," என்றார், கை பிடிபட்டபடியே. "அந்த ஊர்த் தூள்ல காரமில்லன்னு புள்ள சொல்லிச்சு. எப்படி விட்டுட்டு வர்றது?"

அந்தத் தும்மல் சத்தத்துக்குத்தான், கட்டடத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த பிரதமர் திரும்பிப் பார்த்தார். ராத்தாவின் கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டார். ராத்தா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, குரலைத் தாழ்த்தாமல், உயர்த்தாமல், சந்தில் லொறிக்காரரிடம் பேசுகிற அதே சிங்களத்தில் சொன்னார். நீங்கள் போகிற நாட்டில் என் மகள் இருக்கிறாள். கண்ணாடி உடைந்து போய்விட்டது. சத்தம் நின்று போய்விட்டது. மிளகுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் இடம் பிடிக்காது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரதமரும் சிரித்தார். பிறகு, சத்தம் நின்று போய்விட்டது என்றதை யோசித்தாரோ என்னவோ, சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்ற அதிகாரிப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் கிட்ட வந்து தமிழில் சொன்னார்:

"அம்மா, சாப்பாட்டுச் சாமானெல்லாம் எடுக்க ஏலாது. கண்ணாடிய மட்டும் தாங்க. விலாசத் துணியையும் தாங்க."

"தொதல் ஒரு துண்டுதானே மகள்…"

"ராத்தா!" என்று நான் கத்தியேவிட்டேன். நாட்டின் பிரதமருக்கு முன்னால் தொதலுக்குப் பேரம் பேசுகிறார்! அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொதலைத் தும்மிக்கொண்டிருந்த வயர்க்காரர் கையில் வைத்தார். "காரத்துக்கு இது நல்லது மகன்." அந்த மனிதர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

பயணம் டிவியில் வந்தது. ராத்தா என் கடைக்கு வந்து, துணிக் கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தார். பெரிய மண்டபம், இரண்டு கொடி, நீள மேசை, கையெழுத்து, கைகுலுக்கல். முதலீடு வரும், துறைமுகம் வளரும், வேலை பெருகும் என்றார்கள். ராத்தா பிரதமரைப் பார்க்கவே இல்லை. பின்னால் நின்றவர்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோட்டுக்காரர் கையில ஒரு பை இருக்கு பாருங்க."

"அது ஃபைல் ராத்தா."

"எத்தன கையெழுத்துப் போடுறாங்க! ஒன்னுக்கும் ஒன்னுக்கும் நடுவுல ஒருத்தர் போய்க் குடுத்திட்டு வந்தா என்ன?"

பிரதமர் திரும்பி வந்து விமானப்படியில் இறங்குவதையும் காட்டினார்கள். கொண்டுபோன மிளகு நல்ல பேர் வாங்கியதாகப் பேப்பரில் போட்டிருந்தது. கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், பொலிஸ் தேடி வராததே போதும் என்றிருந்தது எனக்கு. ராத்தா மட்டும் என் கடை வாசல் பக்கம் போகும்போதெல்லாம் "போன் அடிச்சிச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார். வர வர அந்தக் கேள்வியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் கேட்காமலேயே போனார். அன்றைக்குத்தான் நான் உண்மையிலேயே பயந்தேன்.

பிறகு ஒரு முற்பகல், ஸ்கூல் யூனிபோர்ம் ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது, நீளமான வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கக் கை வரவில்லை. இரண்டாம் தடவை எடுத்தேன். அந்த நாட்டிலுள்ள நமது தூதரகத்திலிருந்து ஒரு தமிழ்க்காரர் பேசினார். விலாசத் துணியில் இந்த நம்பர் இருந்தது என்றார்.

"இன்னைக்குக் காலையில அந்த வீட்டுக்குப் போனோங்க. அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னாங்க. நாங்க கண்ணாடியைக் காட்டி, இது பிரதமர் கையில குடுத்தனுப்பினது, ஆளைப் பார்க்காமப் போக முடியாதுன்னு சொன்னோம். கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளே இருந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க. சுவரைத் தடவித் தடவித்தான் வந்தா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

"கண்ணாடியைக் கையில குடுத்தேன். போட்டுக்கிட்டா. என்னைப் பார்த்தா. எங்க கார்ல இருந்த கொடியைப் பார்த்தா. ஒரு சொல் பேசலீங்க. அப்படியே நடந்து போய்க் கார்ல ஏறி, கதவைச் சாத்திக்கிட்டா. வீட்டுக்காரங்க கத்துறாங்க. இறங்கும்மான்னு சொன்னா, சீட் பெல்ட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டுறா. காலில செருப்புக்கூட இல்ல. இப்ப எங்ககிட்டத்தான் இருக்கா. கையில பழைய சூட்டுக் காயம் இருக்கு, டாக்டர் பார்த்துட்டார். தாயார்கிட்டப் பக்குவமாச் சொல்லுங்க. நான் கொஞ்ச நேரத்துல மறுபடி எடுத்து அவகிட்டப் போனைக் குடுக்கிறேன்."

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுச் சந்துக்குள் ஓடினேன். ராத்தா முற்றத்தில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். தும்மலுக்கும் அழுகைக்கும் நடுவில் வந்தபடி எல்லாவற்றையும் கொட்டினேன். ஆளே இல்லை என்றது, சுவரைத் தடவி வந்தது, கண்ணாடி, கொடி, கார், காயம், டாக்டர், எல்லாவற்றையும்.

ராத்தா அகப்பையைக் கீழே வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் கருகத் தொடங்கியது.

"வெறுங்காலோடயா?" என்றார். "அந்த ஊர்த் தரை நெருப்பாச் சுடுமே."

அவ்வளவுதான் கேட்டார்.

போன் மறுபடி அடித்தது. நான் எடுத்து, இருக்கிறார் என்று சொல்லி, ராத்தாவின் காதில் வைத்தேன். அம்புலன்ஸ் சாரதியிடமும், பிக்குவிடமும், நாட்டின் பிரதமரிடமும் ஒரே குரலில் பேசியவர், வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். உதடு மட்டும் அசைந்தது. நான் பயந்து போய் அடுப்பை அணைத்தேன். தண்ணீர் கொண்டுவந்தேன். அதையும் வாங்கவில்லை.

போனுக்குள்ளிருந்து அந்தப் பிள்ளையின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உம்மா… பேசாட்டிப் பரவால்ல உம்மா. வைக்காதீங்க. மூச்சு கேக்குது."